கணக்குக் கற்ற குயவர்

ஆங்கில நாட்டின் நடுவே ஸ்டாபர்ட்ஷயர் என்றொரு ஜில்லா உண்டு. அதன் வடபகுதியில் உள்ள பர்ஸ்லெம் முதலிய சிற்றூர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே குயவர் ஊர்களாக இருந்தன. களிமண்ணும் நிலக்கரியும் காலடியிலேயே கிடைத்தமையால் அவ்வூரார் வழிவழியாகச் சூளையை நம்பியே பிழைத்து வந்தனர். அவர்கள் வனைந்த கலங்கள் குதிரை முதுகில் ஏற்றப்பட்டு, மாரிக்காலத்தில் சேறு நிறைந்து கிடக்கும் பாதைகளின் வழியே சந்தைகளுக்குச் சென்றன. வழியில் உடைந்தவை போக எஞ்சியவை விலையாயின. கணக்கு என்பது அக்குயவருள் பெரும்பாலார்க்குப் பணப்பையின் கனமே. பை கனத்தால் ஆதாயம், மெலிந்தால் நட்டம். அதற்கு மேல் ஆராய்ந்தவர் அரியர்.

இத்தகைய ஊரில், இத்தகைய குடியில், 1730ஆம் ஆண்டிலே பிறந்தவர் ஜோசையா வெட்ஜ்வுட். பீங்கான் தட்டின் அடிப்புறத்தில் பொறித்த முத்திரையாகவே அவர் பெயரைப் பலர் அறிவர். உயிர்நூல் கற்போர், சார்லஸ் டார்வினுடைய தாயைப் பெற்ற பாட்டனார் என்ற அளவில் அவரை அறிந்திருக்கலாம். அவருடைய கலைத்திறத்தைப் புகழ்ந்தெழுதிய நூல்கள் பல. நாம் ஈண்டு எடுத்துக்கொண்டதோ வேறு. மண்ணையும் தீயையும் பல்லாண்டு அளந்து அளந்து எழுதிய ஒருவர், தம் பணத்தை அவ்வாறு அளந்தெழுதவில்லை என்பதை நாற்பத்திரண்டாம் வயதில் கண்டு திடுக்கிட்டு, மீண்டும் மாணவராய் அமர்ந்து கணக்குக் கற்ற வரலாறே நாம் சொல்லப் புகுந்தது.

வெட்ஜ்வுட் தம் பெற்றோர்க்குக் கடைசிப் பிள்ளை. அவருக்கு ஒன்பது வயது நிரம்புமுன் தந்தையார் 1739இல் காலமானார். இளைய பிள்ளைகளுக்குத் தலைக்கு 20 பவுன் கிடைக்கவேண்டும் என்று உயில் கூறியது. அதுவும் வயது வந்த பின்னரே. பள்ளிப்படிப்பு அத்துடன் நின்றது. தந்தையின் தொழிற்சாலை மூத்த தமையனார் தாமஸ் வசம் ஆயிற்று. சிறுவர் அவரிடம் வேலை பழகலானார். சில ஆண்டுகளில் அவ்வூரில் பெரியம்மை பரவியது. பிள்ளை உயிர் தப்பினார். ஆனால் அந்நோய் வலது முழங்காலில் தங்கிவிட்டது. குயவன் திரிகையைக் காலால் உதைத்துச் சுழற்றவேண்டிய காலம் அது. உதைக்கும் கால் கெட்ட பின் கைத்திறம் இருந்தும் நெடுநேரம் வனைய இயலாமற் போயிற்று. ஆகவே வனைவதை விட்டு, உருச்செய்தல், அச்சு எடுத்தல், மண்ணைக் கலத்தல், மெருகு காய்ச்சுதல் ஆகிய பிற துறைகளில் அவர் கருத்துச் சென்றது. ஊனம் நேர்ந்தமையாலேதான் அவர் ஆராய்ச்சியாளர் ஆனார் என்று வரலாற்றாசிரியர் சிலர் கூறுவர். அதனை முற்றும் ஒப்புவதற்கில்லை. அம்மையால் கால் கெட்ட குயவர் அவ்வூரில் அவர் ஒருவரே ஆகார்.

1754இல் தாமஸ் வீல்டன் என்னும் பெயர்பெற்ற குயவரோடு கூட்டுச் சேர்ந்தார். வீல்டன் பெருந்தன்மையுடையவர், தம் கூட்டாளி தனியே ஆராய்ச்சி செய்து கொள்ளவும், கண்டவற்றை மறைவாக வைத்துக் கொள்ளவும் இசைந்தார். 1759ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் வெட்ஜ்வுட் ஓர் ஏடு தொடங்கினார். இன்ன மண் இத்தனை பங்கு, இன்ன சுண்ணம் இத்தனை பங்கு என்று ஒவ்வொரு கலவைக்கும் ஓர் எண் இட்டு, அவ்வெண்ணைச் சிறு மண்வில்லையிலும் பொறித்துச் சூளையில் வைப்பார். சூளையின் உச்சியில் வைத்ததா, நடுவில் வைத்ததா, அடியில் வைத்ததா என்பதற்கும் அடையாளம் உண்டு. வெந்து வந்த வில்லையின் நிறமும் நிலையும் ஏட்டில் ஏறும். பிறர் கையில் சிக்கினாலும் பொருள் விளங்காதபடி பொருள்களின் பெயர்களைக் குறிச்சொற்களாலும் எண்களாலும் எழுதினார். ஆயிரக்கணக்கான சோதனைகள் இவ்வாறு பதிவாயின. தோற்றவற்றையும் விடாமல் எழுதினார் என்பதை நாம் கருதவேண்டும். ஏனெனில் தோற்ற சோதனையை எழுதாதவன் அதனையே மறுமுறையும் செய்து காசைத் தொலைப்பான்.

அவ்வாண்டிலேயே அவர் பர்ஸ்லெமில் தனித் தொழில் தொடங்கினார். பசுமெருகுக் கலங்கள் முதலில் பெயர் தந்தன. பின்னர்ப் பாலேட்டு நிறமுடைய மெல்லிய கலம் ஒன்றைச் செம்மை செய்தார். 1765இல் ஷார்லட் அரசியாருக்குத் தேநீர்க்கலத் தொகுதி ஒன்று செய்தளிக்கும் கட்டளை வந்தது. பொன்னிறப் பின்னணியில் பச்சைப் பூக்கள் புடைத்து நிற்க வேண்டிய கடினமான வேலை அது. செய்து கொடுத்து, அரசியாரின் குயவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ள உரிமை பெற்றார். அந்தப் பாலேட்டு நிறக் கலத்திற்கும் அரசியார் கலம் என்ற பெயர் வழங்கிற்று. அரசியார் மேசையிலே உள்ள தட்டு தம் மேசையிலும் இருக்கவேண்டும் என்று பிரபுக்கள் விரும்பினர். பிரபுக்களைக் கண்டு மற்றையோர் விரும்பினர்.

இதற்கிடையே, 1762இல், லிவர்ப்பூல் நகருக்குச் சென்ற வழியில் முழங்கால் அடிபட்டு, அந்நகரில் பல வாரம் படுக்கையிற் கிடக்க நேர்ந்தது. அவருக்கு மருத்துவம் செய்த டாக்டர் டர்னர் தம் நண்பர் ஒருவரை நோயாளிக்குத் துணையாக அழைத்து வந்தார். அந்நண்பர் தாமஸ் பெண்ட்லி, வணிகர், பல நாட்டு மொழியும் நூலும் கற்றவர். இவ்விருவரும் அன்று தொடங்கிய உரையாடலைப் பதினெட்டு ஆண்டு விடவில்லை. நேரில் இல்லாத காலமெல்லாம் கடிதங்களால் தொடர்ந்தனர். ஒன்பது வயதில் பள்ளியை இழந்த வெட்ஜ்வுட்டுக்கு அந்நட்பே கல்லூரியாயிற்று. அவர் சார்ந்த யூனிட்டேரியன் சபையார்க்கு அக்காலத்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய சர்வகலாசாலைகளின் பட்டம் எட்டாக்கனி என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

1764இல் தம் உறவினராகிய சாரா என்னும் மாதரை மணந்தார். அம்மையார் கொண்டுவந்த செல்வமும் தொழிலுக்கு உதவிற்று. பின்னர்ப் பர்ஸ்லெமுக்கு அருகே ஏறக்குறைய 350 ஏக்கர் நிலம் வாங்கிப் புதிய தொழிற்சாலையும், தமக்கும் பெண்ட்லிக்கும் வீடுகளும், தொழிலாளர்க்குக் குடியிருப்பும் எழுப்பத் தொடங்கினார். இத்தாலி நாட்டின் பண்டைக் குயவர் நினைவாக அவ்விடத்திற்கு எட்ரூரியா என்று பெயரிட்டார். டிரென்ட், மெர்சி ஆகிய இரு நதிகளையும் இணைக்கும் கால்வாய் அந்நிலத்தின் வழியே செல்லவிருந்தது. அக்கால்வாய்க்காக ஊரூராய்ச் சென்று பேசியும் பணம் சேர்த்தும் உழைத்தவர்களில் அவர் முதல்வர். 1766இல் அதற்கு முதல் மண்வெட்டியும் அவரே. குதிரை முதுகில் உடையும் சரக்கு படகில் உடையாது, கூலியும் குறையும் என்ற கணக்கை அவர் முன்னமே போட்டிருந்தார்.

கட்டடம் எழும்பிக் கொண்டிருந்தபோது முழங்கால் பொறுக்க முடியாத நிலையை அடைந்தது. 1768ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள், மயக்க மருந்து கண்டறியப்படாத அக்காலத்தில், வலது காலை முழங்காலுக்கு மேல் அறுத்து எடுத்தனர். அன்றைய தினம் அவருடைய கணக்கர் பீட்டர் ஸ்விப்ட் லண்டன் கிடங்குக்குச் சரக்குப் பட்டியல் அனுப்ப வேண்டியிருந்தது. அப்பட்டியலின் அடியிலேயே, எஜமானருடைய கால் இன்று எடுக்கப்பட்டது, அத்தகைய காரியத்திற்குப் பின் எவ்வளவு நலமாக இருக்கக் கூடுமோ அவ்வளவு நலமாக இருக்கிறார் என்ற கருத்துப்பட இரண்டொரு வரி எழுதி அனுப்பிவிட்டார். வெட்ஜ்வுட் மரக்காலோடு எழுந்து நடமாடத் தொடங்கினார். பின்வந்த ஆண்டுகளில் அந்நாளை ஒரு புனிதர் திருநாளைப் போல் வேடிக்கையாகக் கொண்டாடவும் செய்தார். அந்தக் கணக்கர் ஸ்விப்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். மீண்டும் அவரிடம் வருவோம்.

1769ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13ஆம் நாள் எட்ரூரியா திறக்கப்பட்டது. பெண்ட்லி திரிகையைச் சுழற்ற, வெட்ஜ்வுட் தம் கையாலேயே ஆறு கரிய பூச்சாடிகளை வனைந்தார். அலங்காரக் கலங்களில் இருவரும் கூட்டாளிகள். பெண்ட்லி லண்டனில் விற்பனையைக் கவனித்தார். அக்காலத்தே பண்டைக் கிரேக்க, உரோமச் சாடிகளின் வடிவில் செல்வர்க்கு ஒரு வெறியே பிறந்திருந்தது. லண்டன் காட்சிக்கூடத்தின் வாயிலில் வண்டிகள் நிறைந்து நின்றன. செய்து முடிக்குமுன் சாடிகள் விலைபோயின. வெளிப்பார்வைக்கு இதனினும் சிறந்த வாணிகம் இல்லை.

உள்ளே நடந்தது வேறு. கட்டடச்செலவு மதிப்பை மீறிச் சென்றது. பிரபுக்கள் பொருளை உடனே எடுத்துச் சென்று பணத்தை மெல்லத் தந்தனர். சிலர் ஆண்டுக்கணக்கில் தரவில்லை. லண்டன் கிடங்கிலே சரக்குக் குவிந்தது. மண்ணுக்கும் கரிக்கும் கூலிக்கும் கொடுக்க எட்ரூரியாவில் ரொக்கம் இல்லை. வசூல் செய்யுங்கள் என்று பெண்ட்லிக்கு வெட்ஜ்வுட் கடிதத்தின்மேற் கடிதம் எழுதலானார். விற்பனை ஏற ஏறக் கைம்முதல் வற்றுவது ஏன் என்பது அவருக்கு விளங்கவில்லை. சரக்காகவும் நிலுவையாகவும் கிடக்கும் இலாபம் சனிக்கிழமைக் கூலிக்கு உதவாது என்பதை இன்று சிறுகடை வைத்திருப்பவரும் பட்டறிவால் அறிவர். ஆயினும் பட்ட பின்னரே அறிகின்றனர்.

இந்நிலையில் 1772 வந்தது. லண்டனில் பாங்கி நடத்திய அலெக்சாண்டர் போர்டைஸ் என்பவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குகள் விலை வீழும் என்று சூதாடித் தோற்று, ஜூன் மாதத்தில் நாட்டைவிட்டு ஓடினார். அவர் பாங்கி முறிந்தது. அதனைத் தொடர்ந்து ஸ்காட்லாந்தின் அயர் பாங்கியும் பணம் கொடுப்பதை நிறுத்திற்று. பாங்கிகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தமையால் அச்சம் நாடெங்கும் பரவியது. கடன் கொடுத்தோர் கழுத்தைப் பிடித்தனர். பொருள் வாங்குவோர் கையை மூடினர். எட்ரூரியாவில் கிடங்கு நிறைந்தது, பெட்டி காலியாயிற்று. நூற்றுக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அந்தச் சூளையோடு பிணைந்திருந்தது. மூன்று ஆண்டு மட்டுமே வயதுடைய தொழிற்சாலை மூடப்படுமோ என்ற நிலை.

அப்போது அவர் செய்ததுதான் வியக்கத்தக்கது. புதிய கடன் தேடி ஓடுவதை மட்டும் செய்திருந்தால் அவர் கதையும் பிறர் கதையும் ஒன்றே. அவர் பழைய கூலிப் பதிவுகளையும் செலவுச்சீட்டுக்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சாடிக்கும் அடக்கவிலை என்ன என்று தாமே கணக்கிடத் தொடங்கினார். மண் எவ்வளவு, வனைந்தவன் கூலி எவ்வளவு, உருச்செய்தவன் கூலி எவ்வளவு, கரி எவ்வளவு, சூளையில் வீணானது எவ்வளவு, வாடகை எவ்வளவு, கணக்கர் சம்பளம் எவ்வளவு, லண்டன் கிடங்கின் செலவு எவ்வளவு என்று தலைப்புத் தலைப்பாகப் பிரித்தார். பதின்மூன்றாண்டு மண்வில்லைகளுக்குச் செய்த வேலையை இப்போது பவுனுக்கும் பென்னிக்கும் செய்தார் என்க. இதனைக் கற்பிக்க அக்காலத்தில் பள்ளி இல்லை. வணிகர்க்குரிய இரட்டைப் பதிவு முறையைக் கூறும் நூல்கள் இருந்தன. வாங்கி விற்பவர்க்கு அவை போதும். தொழிற்சாலைக்குள்ளே ஒரு பொருள் உருவாகும்போது அதன்மேல் ஏறும் செலவைப் பிரித்தறியும் வழியை அவை தெளிவாகக் காட்டவில்லை. ஆகவே ஆசிரியரும் மாணவரும் தாமாகவே அவர் இருக்க வேண்டியதாயிற்று.

1772 ஆகஸ்டில் தாம் கண்டவற்றைப் பெண்ட்லிக்கு எழுதினார். கண்டவற்றுள் தலையாயது இது. செலவுகள் எல்லாம் ஓரினம் அல்ல. மண்ணும் மெருகும் செய்யும் பொருளின் அளவிற்கேற்ப ஏறி இறங்கும். ஆனால் உருவும் அச்சும் செய்யும் செலவு, வாடகை, கிடங்கு, கணக்கர் சம்பளம் ஆகியவை சரக்கு மிகுந்தாலும் குறைந்தாலும் கடிகாரம் ஓடுவதுபோல் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே பொருள் பெருகப் பெருக ஒவ்வொன்றின் தலையில் விழும் சுமை குறையும்.

உதாரணம் ஒன்று கூறின் விளங்கும். ஒரு வகைச் சாடிக்கு உருவும் அச்சும் செய்ய 100 ரூபாய் ஆகிறதென்றும், அதன்பின் சாடி ஒன்றுக்கு மண், கூலி, கரி எல்லாம் சேர்த்து 2 ரூபாய் ஆகிறதென்றும் வைத்துக்கொள்வோம். 50 சாடிகள் மட்டுமே செய்து அவ்வச்சைத் தூக்கி எறிந்தால் ஒவ்வொன்றின் அடக்கவிலை 4 ரூபாய். 400 செய்தால் இரண்டேகால் ரூபாய். முன்னதை மூன்றரை ரூபாய்க்கு விற்பவன், விலை அதிகம் பெற்றதாக மகிழ்ந்துகொண்டே 25 ரூபாய் இழக்கிறான். பின்னதை 3 ரூபாய்க்கு விற்பவன் 300 ரூபாய் அடைகிறான். வெட்ஜ்வுட்டின் தொழிற்சாலையோ நாளொரு வடிவமும் பொழுதொரு அலங்காரமுமாகச் சாடிகளைச் செய்துகொண்டிருந்தது. வாங்குவோர் புதுமை கேட்டனர். கலைஞர்க்கும் புதுமையில் மகிழ்ச்சி. ஆனால் ஒவ்வொரு புதிய உருவும் பழைய உருவின் செலவு திரும்புமுன் பிறந்தது. விற்பனை ஏறவும் கைம்முதல் வற்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் அவர் உணர்ந்தார். செல்வர் தம் மாளிகைகளுக்கு வேண்டிய சாடிகளை வாங்கிவிட்டனர். அவர்கள் வைத்திருப்பதாலேயே அவற்றிற்கு மதிப்பு ஏறியிருந்தது. இப்போது விலையைச் சற்றுக் குறைத்தால் நடுத்தரக் குடும்பத்தார் பெருந்தொகையாக வாங்குவர். பெருந்தொகையாகச் செய்தால் அடக்கவிலை இறங்கும். இறங்கினால் குறைந்த விலையிலும் ஆதாயம் நிற்கும். அடக்கவிலை தெரியாதவன் விலையைக் குறைப்பது இருட்டில் படி இறங்குவது போன்றது. அவரோ ஒவ்வொரு படியும் எங்கே இருக்கிறது என்று அறிந்து இறங்கினார்.

நிற்க. இக்கணக்கை முடிக்கும்போது வேறொரு செய்தி வெளிப்பட்டது. தாம் தலைப்புத் தலைப்பாகக் கூட்டிய தொகையும், உண்மையிற் செலவான தொகையும் ஒத்து வரவில்லை. இடையே உள்ள பள்ளத்தைத் தேடிக்கொண்டு போனபோது, லண்டன் அலுவலகத்தில் நடந்த மோசடி அகப்பட்டது. அங்கே கணக்குப் பொறுப்பில் இருந்தவர் பணத்தைக் கையாடியதும், கீழுள்ளோர் அதனைக் கண்டும் வாய்மூடியிருந்ததும், வீண் ஆடம்பரங்களும் ஒவ்வொன்றாய்த் தெரியவந்தன. வெட்ஜ்வுட் அப்போது எட்ரூரியாவிலிருந்து பீட்டர் ஸ்விப்டை அனுப்பினார். கால் எடுத்த நாளிலும் சரக்குப் பட்டியலை நிறுத்தாத அதே மனிதர். அவர் சென்று நிலுவைகளை ஒழுங்குபடுத்தினார். கணக்கு வாரந்தோறும் எட்ரூரியாவுக்கு வரலாயிற்று. வெட்ஜ்வுட் மோசடிக்காரரைப் பிடிக்கப் புறப்பட்டவர் அல்லர் என்பதை மறத்தலாகாது. ஒரு சாடியின் அடக்கவிலையைத் தேடியபோது இதுவும் வலையில் விழுந்தது. கணக்கரை நம்புதல் வேறு, கணக்கை அறியாதிருத்தல் வேறு என்பதை அவர் அன்றுவரை பிரித்தறியவில்லை.

தொழிலாளரிடம் அவர் கண்டிப்பு மிகுந்தவர். மணியடித்து வேலை தொடங்குதல், வருவோர் பெயரைப் பதிதல், தாமதித்தவர்க்கு அபராதம் முதலியவற்றை அவர் புகுத்தினார். ஞாயிறு கழிந்து திங்களும் குடியிற் கழிவது அங்குப் பழைய வழக்கம். அவ்வழக்கத்தோடு அவர் வாழ்நாளெல்லாம் போராடினார். கடிகாரம்போல் ஓடும் செலவைக் கண்டவர் ஆளும் கடிகாரம்போல் ஓடவேண்டும் என்று எண்ணினார் போலும். நோயுற்றோர்க்கு உதவும் நிதியும் நல்ல வீடுகளும் அளித்தார் எனினும், அம்மணியோசை கேட்டவர்க்கு எவ்வாறு இருந்தது என்பதை அவருடைய ஏடுகளிலிருந்து நாம் அறியமுடியாது. அவை எஜமானரின் ஏடுகள்.

நெருக்கடி நீங்கிய மறு ஆண்டில் ருஷ்யச் சக்கரவர்த்தினி இரண்டாம் காதரீனிடமிருந்து ஒரு கட்டளை வந்தது. 952 உறுப்புக்கள் உடைய விருந்துக்கலத் தொகுதி. ஒவ்வொன்றிலும் ஆங்கில நாட்டின் ஒவ்வொரு காட்சி. அச்சக்கரவர்த்தினியின் மாளிகை நின்ற இடம் தவளைகள் நிறைந்த சதுப்புநிலமாதலால் ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைத் தவளை. ஆயிரத்திற்கும் மேற்பட்ட காட்சிகளை ஓவியர் எழுத வேண்டியிருந்தது. அடக்கவிலை கற்ற பின் வந்த கட்டளை ஆதலின், இதில் ஆதாயம் மிகாது என்பதை அவர் முன்னரே உணர்ந்து பெண்ட்லியோடு ஆராய்ந்தார். ஆராய்ந்தும் ஏற்றார். 1774இல் அத்தொகுதியை ருஷ்யாவுக்கு அனுப்புமுன் லண்டனில் புதிதாகத் திறந்த காட்சிக்கூடத்தில் பரப்பி வைத்தார். அரசியார் முதல் நகரத்துப் பெருமக்கள் பலரும் வந்து கண்டனர். கலங்களில் கிடைக்காததை அக்கூட்டத்தில் தேடினார் என்று சொல்லலாம். 1769இல் தெரியாமல் இழந்தார். 1774இல் தெரிந்து விட்டுக்கொடுத்தார். கணக்குக் கற்றவன் கஞ்சனாவான் என்று எண்ணுவோர் இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பாராக.

கற்றல் இத்துடன் நின்றதோ எனின், இல்லை. 1774 முதல் சில ஆண்டுகள் ஜாஸ்பர் எனப்படும் புதிய கலத்திற்காக உழன்றார். நீல நிலத்தில் வெள்ளை உருவங்கள் எழும்பித் தோன்றும் அக்கலத்தைப் பலர் படத்திலேனும் கண்டிருப்பர். ஒரு சூளையில் நன்றாய் வந்த கலவை அடுத்த சூளையில் வெடித்தது; ஒரே பெயருடைய கனிப்பொருள் ஒவ்வொரு சுமையிலும் ஒவ்வொரு குணம் காட்டியது. சோதனை எண்கள் ஆயிரங்களைத் தாண்டிச் சென்றன. ரசாயனம் தமக்குப் போதாது என்று கண்டு, ஐம்பது வயதை ஒட்டி, அலெக்சாண்டர் சிஷோம் என்னும் ரசாயன வல்லுநரைச் செயலாளராக அமர்த்திக்கொண்டார். பிரீஸ்ட்லி, ஜேம்ஸ் வாட், எராஸ்மஸ் டார்வின் முதலிய அறிஞர்களோடு பழகி, அறியாதவற்றைக் கேட்க ஒருபோதும் நாணினாரல்லர்.

சூளையின் வெப்பத்தை அதுவரை குயவர் கண்ணால் மதித்தனர். சிவப்பு, செஞ்சிவப்பு, வெண்மை என்று நிறத்தால் சொல்வதே வழக்கம். களிமண் வேகவேகச் சுருங்கும் என்பதைக் கொண்டு, குறித்த அளவுள்ள மண்துண்டுகளைச் சூளையில் இட்டு, வெந்தபின் குறுகிச் செல்லும் பித்தளைக் காடியில் செலுத்தி, எவ்வளவு தூரம் செல்கிறது என்பதால் வெப்பத்தை அளக்கும் கருவியை அமைத்தார். 1782இல் அதனை ராயல் சொசைட்டியார் முன் விளக்கும் கட்டுரை படிக்கப்பட்டது. 1783 ஜனவரியில் அவரை அச்சபையார் தம் உறுப்பினராகத் தெரிந்தெடுத்தனர். அவர் குறித்த வெப்ப அளவுகள் மிகையானவை என்று பின்வந்த விஞ்ஞானிகள் திருத்தினர். திருத்தப்படுவதற்கும் ஓர் எண் வேண்டும் அன்றோ. நிறத்தைத் திருத்த முடியாது.

1780 நவம்பரில் பெண்ட்லி காலமானார். வெட்ஜ்வுட் எழுதிய கடிதங்கள் பெருந்தொகையாய் எஞ்சியுள்ளன. பெண்ட்லி எழுதியவை பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஆதலால் அந்நட்பில் ஒரு குரலையே நாம் கேட்கிறோம். கூட்டுத் தொழிலின் சரக்கைப் பெண்ட்லியின் மனைவியார்க்குரிய பங்கைத் தீர்ப்பதற்காக மறு ஆண்டு ஏலத்தில் விற்க வேண்டியதாயிற்று. அதற்குப்பின் அவ்வளவு நெருங்கிய கூட்டாளி எவரையும் அவர் தேடியதாகத் தெரியவில்லை.

தம் பிள்ளைகளின் கல்வியில் அவர் கொண்ட அக்கறை, ஒன்பது வயதில் தாம் இழந்ததை நினைப்பூட்டுவது. எட்ரூரியாவிலேயே வீட்டுப் பள்ளி ஒன்று அமைத்து, லத்தீனை விடக் கணக்கும் பிரெஞ்சும் ரசாயனமும் அவர்களுக்குப் பயன்படும் என்று கருதினார். மக்களுள் ஒருவராகிய தாமஸ், ஒளியால் உருவம் பதியும் முறையை முதலில் ஆராய்ந்தவருள் ஒருவர். ஆனால் பதிந்த உருவத்தை நிலைக்கச் செய்யும் வழியை அவர் காணவில்லை.

கணக்கில் ஏறாத சரக்கு ஒன்றையும் சொல்லவேண்டும். 1787இல் அடிமை வாணிகத்தை ஒழிக்கும் சங்கம் லண்டனில் தோன்றியபோது வெட்ஜ்வுட் அதன் செயற்குழுவில் இருந்தார். விலங்கிட்ட கைகளைக் குவித்து முழந்தாளிட்ட ஆப்பிரிக்கன் ஒருவனின் உருவத்தைச் சிறு ஜாஸ்பர் வில்லைகளில் பொறித்து, விலையின்றி வழங்கினார். 1788இல் பிலடெல்பியாவில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளினுக்கு ஒரு பொதி அனுப்பினார். மாதர் அவ்வில்லைகளை வளையலிலும் கொண்டையூசியிலும் பதித்து அணிந்தனர். அவ்வாணிகத்தை ஒழிக்கும் சட்டம் 1807இல் நிறைவேறியதைக் காண அவர் இல்லை.

1795ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் அவர் எட்ரூரியாவிலே உயிர் நீத்தார். இருபது பவுன் உரிமையோடு தொடங்கியவர் விட்டுச்சென்ற சொத்து ஏறக்குறைய 5 லட்சம் பவுன் என மதிப்பிடப்பட்டது. மக்கள் நிலம் வாங்கிக் கனவான்களாக வாழ விரும்பினர். தொழிலைப் பெரும்பாலும் உறவினர் பயர்லியிடம் விட்டனர். நெப்போலியன் காலத்துப் போர்களும் சேர்ந்து வாணிகம் தளர்ந்தது. 1828இல் லண்டன் காட்சிக்கூடமே மூடப்பட்டது. பின்னர் நிலைமை தேறித் தொழில் தலைமுறை தலைமுறையாக நடந்தது. ஆயினும் 2009 ஜனவரியில், வேறொரு கம்பெனியோடு இணைந்திருந்த அந்நிறுவனம் கடனால் முறிந்தது. அவர் பெயரால் அமைந்த பொருட்காட்சிசாலை தனி அறநிலையம். எனினும் அதன் ஊழியர் சிலர் நிறுவனத்தாரின் ஓய்வூதிய நிதியிலேயே சேர்ந்திருந்தமையால், அந்நிதியின் பற்றாக்குறை 13 கோடியே 40 லட்சம் பவுனும் அச்சாலையின் தலையில் விழுந்தது. அவர் வனைந்த சாடிகள், எண்ணிட்ட மண்வில்லைகள், சோதனை ஏடுகள், பெண்ட்லிக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் கடனுக்காக விற்கப்படலாம் என்று 2011இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014இல் பொதுமக்களும் அறநிலையங்களும் சேர்ந்து 1 கோடியே 57½ லட்சம் பவுன் திரட்டி அவற்றை மீட்டனர். அவை எட்ரூரியாவுக்குச் சில மைல் தெற்கே உள்ள பார்லஸ்டன் என்னும் ஊரில் வைத்துக் காக்கப்படுகின்றன.